மார்பகப் பிரிவில் ஒரு தம்பதி

மார்பகப் புற்றுநோய்ப் பிரிவின் வாசலில், நேற்று வந்த ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு தையல்காரப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும்.

"முதல் தடவையா வர்றியாம்மா?" என்றாள் டிரைவரின் மனைவி.

"ஆமாக்கா. கட்டியை எடுத்துட்டு, அஞ்சு வருஷம் ஹார்மோன் மாத்திரையாம். சர்க்கரையும் எடையும் ஏறினா, நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகமாம்."

"எங்களுக்கும் அதையேதான் சொன்னாங்க. மாத்திரை போட்டா உடம்பு அனலா கொதிக்கும், போகப்போகப் பழகிடும். வீட்ல இனிப்புக்கு முழுக்குப் போட்டாச்சு. தினம் ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் நடக்கிறோம். நாலு வருஷம் ஓடிப்போச்சு, ஒரு குறையும் இல்ல."

"உங்களைப் பார்த்தா வியாதி வந்த உடம்புன்னே சொல்ல முடியாதுக்கா."

அவள் சிரித்துவிட்டாள். "வந்தது எனக்கில்லம்மா, இவருக்கு. அபூர்வமா ஆம்பளைங்களுக்கும் வருமாம்."

டிரைவர் கூச்சமில்லாமல் தலையாட்டினார்.

தையல்காரப் பெண் சட்டென்று டிரைவர் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் வெளியே வர்றீங்களா? என் வீட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டேங்கிறார். பொம்பளைங்க வியாதி தனக்கு வந்துடுச்சே, எந்த முகத்தோட உள்ளே வர்றதுன்னு அழறார்."

டிரைவர் எழுந்து வெளியே போனார்.

கால் மணி நேரத்தில் இருவரும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். பதிவு ஜன்னலில் தையல்காரப் பெண்ணின் கணவர் தன் பெயரைத் தானே சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி.