நூற்றெண்பதும் தப்பு

"ரொட்டி அடுப்போட சூட்டுக்கு நம்பர் போடுற இடத்துல, ஒருத்தர் கைதவறி எழுத்தைத் தட்டினா எரர்னு சொல்லுதுண்ணே. அது சரி. அப்புறம் ஒழுங்கா நூத்தியெம்பதுன்னு போட்டாலும் எரருங்குது" என்றான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர்.

டீம் லீடர் யோசிக்கவே இல்லை. வேலை நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்து வாங்க எதிரில் நின்ற புரோகிராமர் பெண்ணை முறைத்தார். சேர்ந்த முதல் வாரமே ஒரு தப்பு செய்தவள்.

"எழுத்தை எண்ணா மாத்துறதுக்கு முன்னாடி பழைய எரரை அழிக்கணும்னு தெரியாதாம்மா? அழிக்கலைன்னா அது அப்படியே நிக்கும். சரியான எண்ணும் தப்பாத்தான் தெரியும். இதுல உனக்குக் கடிதம் வேறயா?"

"அந்த வரி நீங்க எழுதினது சார்."

"அப்ப நீ எழுதினது?"

"அழிச்சுட்டுத்தான் எழுதியிருந்தேன். ரிஜெக்ட் பண்ணிட்டீங்க. அந்த முதல் வாரத் தப்புக்கப்புறம் நான் எழுதி அனுப்பின பதினொரு கோடையும் படிக்காமலே ரிஜெக்ட் பண்ணிட்டீங்க."

டெஸ்டர் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

லீடர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "நீ எழுதினதை மறுபடி அனுப்பும்மா" என்றார்.

அனுப்பினாள். இந்த முறை படித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே பட்டனை அழுத்தினார்.

பழக்கதோஷம். ரிஜெக்ட் ஆகிவிட்டது.