நாத்தனாருக்காக ஒரு வாதம்

"அண்ணி, இதுல முடிவு இருக்கு. வாதம் எங்க இருக்கு?"

வாயில் ரொட்டியை அடக்கிக்கொண்டே கேட்டாள் நாத்தனார். அண்ணியின் கட்டுரை அவள் தட்டுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது.

"கதையில வர்ற அந்த மனைவி கடைசிவரைக்கும் புருஷனுக்காகக் காத்திருந்தாள்னு எழுதியிருக்கேனே, அது வாதம் இல்லையா?"

"அது உங்க ஆசை. கடைசிப் பக்கத்துல அவன் தொப்பியை என்ன பண்றா? பெட்டிக்குள்ள வச்சு மூடுறா. திரும்பி வருவான்னு நினைக்கிறவ வாசல் ஆணியிலதானே மாட்டுவா?"

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணியின் கணவன் கை தட்டினான். "அதான் என் தங்கச்சி! வக்கீலம்மா, உன்கிட்ட வாயைக் கொடுத்துட்டு மீள முடியுமா?" மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "நீயும் நல்லாத்தாம்மா எழுதுற."

அவன் சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இருவரும் மாலைக் கல்லூரியில் ஒரே வகுப்பு. கட்டுரையில் முறையாக வாதம் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு. அதற்குப் பேராசிரியை எடுத்துக்கொண்டது அந்தக் காலத்து அமெரிக்க எழுத்தாளர்களின் கதைகளை. "இவங்க எதையும் உடைச்சுச் சொல்ல மாட்டாங்க. காட்டிட்டு நகர்ந்துடுவாங்க. எங்க காட்டினாங்கன்னு நீங்க வரியைத் தொட்டுக் காட்டணும். எதிராளி என்ன சொல்லுவான்னும் நீங்களே சொல்லணும். அப்புறம்தான் உங்க கட்சி" என்பார்.

முதலில் ஆசைப்பட்டவள் அண்ணிதான். அச்சகத்தில் யார் யாரோ எழுதியதற்குப் பிழை திருத்தியே கண் பூத்துப்போயிருந்தாள். தனக்கென்று ஒரு பக்கமாவது எழுதிவிட வேண்டும் என்று விண்ணப்பம் போட்டாள். "துணைக்கு நானும் வரேன் அண்ணி" என்று தொற்றிக்கொண்ட நாத்தனார், வந்த வேகத்தில் வகுப்பின் செல்லமாகிவிட்டாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசுவதற்குமுன் நாத்தனார் பேனாவை மூடிவைப்பதை. மற்றவர்கள் கதாநாயகனையே சுற்றிக்கொண்டிருக்கையில், ஒரே ஒரு வரியில் வந்துபோகும் வேலைக்காரியைப் பிடித்துக்கொள்வதை. தப்பாகச் சொல்லிவிட்டால் கலகலவென்று சிரித்து ஒப்புக்கொள்வதை. அந்தத் தப்புக்கும் பேராசிரியை பூரித்துப்போவதை. வயிறு எரிந்தது. எரிய எரியப் பார்த்தாள்.

பருவம் முடியும் தறுவாயில் பேராசிரியை இருவரையும் தன் அறைக்கு அழைத்தார்.

"அடுத்த வருஷ வகுப்புக்கு எனக்கு ஒரு உதவியாளர் வேணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். ஆனா யாரும் தனக்காக வாதாடக் கூடாது. நீங்க அவளுக்காக எழுதுங்க. அவ உங்களுக்காக எழுதட்டும். யாரோட வாதம் பலமா இருக்கோ, வேலை அவங்களுக்கு."

வெளியே வந்ததும் நாத்தனார் அண்ணியின் தோளில் தொங்கினாள். "நல்லா மாட்டிக்கிட்டோம்! உங்களை நான் எவ்வளவு உசத்துறேனோ அவ்வளவுக்கு நான் ஜெயிப்பேன். எப்படி?"

"பார்க்கலாம்" என்றாள் அண்ணி.

அந்த வேலை கிடைத்தால் அச்சகத்துக்கு முழுக்குப் போடலாம். அதைவிட, ஒரு தடவையாவது இவளை முந்திவிடலாம். ஒரே ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமை எழுத உட்கார்ந்தாள். புகழ்ந்தே தோற்கடிக்க வேண்டும். கை வராது என்று பயந்தாள். ஆனால் கொட்டியது. ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. அன்பு மறந்துபோயிருக்கக்கூடியதை எல்லாம் பொறாமை ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தது. பேனாவின் மூடி, வேலைக்காரியின் ஒற்றை வரி, தப்பை ஒப்புக்கொள்ளும் அந்தச் சிரிப்பு. எழுதியதில் பொய் ஒன்றுகூட இல்லை. எதுவுமே நாத்தனாரின் நன்மைக்காகவும் இல்லை.

பேராசிரியை அதை வகுப்பில் உரக்க வாசித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உயிரையே வச்சிருந்தாத்தான் ஒருத்தரை இப்படிக் கவனிக்க முடியும்" என்றார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வேலை அண்ணிக்கே கிடைத்தது. நாத்தனாரின் கட்டுரையைப் பற்றிப் பேராசிரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் கணவன் இந்த முறை அவளுக்காகக் கை தட்டினான். "எங்க போச்சு நம்ம வக்கீலம்மா? தோத்ததும் சத்தத்தையே காணோம்!"

நாத்தனார் சாப்பிடக்கூட வராமல் அறைக்குள் இருந்தாள். 'இனி எரியட்டும், எப்படி இருக்கும் என்று தெரியட்டும்' என்று நினைத்தபடி அண்ணி கதவைத் தள்ளினாள். ஆறுதல் சொல்வதிலும் ஒரு ருசி இருந்தது.

"வேலை போச்சுன்னா அழற? விடுடி. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"அது போனாப் போகுது அண்ணி." நாத்தனார் அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். கண்கள் சிவந்திருந்தன. அண்ணி அவற்றில் தேடினாள். பொறாமை ஒரு துளிகூட இல்லை, வெறும் வெட்கம்தான் இருந்தது.

"நான் வெறும் தாளைத்தான் கொடுத்தேன். திரும்பத் திரும்ப உக்காந்து பார்த்தேன். 'எங்க அண்ணி நல்லவங்க'ன்னு எழுதுவேன், அதுக்கு மேல ஒண்ணுமே ஓடாம கிழிச்சுப் போட்டுடுவேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துலயே இருந்தும், உங்களை நான் ஒருநாள்கூட கவனிச்சதே இல்ல அண்ணி."