மூன்று முழம் சிவப்பு

சாயப்பட்டறையின் நீராவிக் குழாய்க்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றித் தகரம் போர்த்தாயிற்று. இனி சூடு வெளியே போகாது, கால்வாசி விறகு மிச்சம், புகையும் குறையும் என்று முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பாய்லர்காரர் செங்கோடன் மட்டும் குழாயின் கடைசித் திருப்பத்தருகே போய் நின்றுகொண்டார். சோதிக்க வந்த நஸ்ரின், சூட்டை நிறமாகக் காட்டும் கேமராவோடு குழாயை ஒட்டியே நடந்தாள். திரையில் எல்லாம் நீலம். கடைசித் திருப்பத்தில் மட்டும் மூன்று முழம் செக்கச்செவேலென்று தெரிந்தது. அதன்மேல் வரிசையாக ஒன்பது சிவப்பு உருண்டைகள்.

"என்னண்ணா இது?"

"சாம்பாருங்க" என்றார் செங்கோடன். "ஒம்பது பேரு சோத்துத் தூக்குப்போசி. இதுமேல வெச்சாத்தானுங்க மத்தியானம் சுடுசோறு. இந்த எடத்த மட்டும் மூட வேண்டாம்னு நாந்தான் சொல்லிப்போட்டனுங்க."

நஸ்ரின் படிவத்தைப் பிரித்தாள். 'சூடு வீணாகும் இடங்கள்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அவள் எழுதிவிட்டால் நாளைக்கே அதையும் மூடிவிடுவார்கள்.

அவள் பேனாவைச் செருகிக்கொண்டு, பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, போசிகளைச் சற்று நகர்த்திப் பத்தாவதாக வைத்தாள். பிறகு கேமராவைத் தூக்கினாள். அது ஒன்று மட்டும் நீலமாக இருந்தது.

அது சிவப்பதற்காக இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.