வாளி தேய்த்த பாசி

ஒரு கிணற்றின் அடியில் பித்தளை வாளி ஒன்றும் ஓட்டைத் தகரக் குவளை ஒன்றும் வெகுகாலமாக விழுந்து கிடந்தன. கிணற்றில் விழுந்ததை எடுக்கிற பாதாளக் கரண்டி ஒருநாள் கொக்கிகளை விரித்துக்கொண்டு கயிற்றில் இறங்கி வந்தது.

"வாங்க, உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்," என்றது.

குவளை உடனே தன் காதைக் கொக்கியில் கொடுத்துத் தொங்கிக்கொண்டது.

"இந்த ஓட்டையை வச்சுக்கிட்டு எந்த முகத்தோட மேல போற?" என்று வாளி கேட்டது.

"ஓட்டையோடதான் கூப்பிடுறாங்க அக்கா. நீயும் வா."

"இவ்வளவு பாசியோடவா? தேய்ச்சிட்டு வர்றேன், கொஞ்சம் இரு."

"அதையெல்லாம் மேல போய்ப் பாத்துக்கலாம் தாயி. பிடியை மட்டும் நீட்டு," என்று கரண்டி கெஞ்சியது.

வாளி கேட்கவில்லை. சேற்றில் புரண்டு புரண்டு உடம்பைத் தேய்த்தது. தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கலங்கியது. வாளியும் பிடியோடு சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது.

"எங்கம்மா இருக்க?" என்று கரண்டி கலங்கலில் தடவித் தடவிக் கூப்பிட்டது.

"இந்தா, முடியப்போகுது," என்றது வாளி.

குரல் வந்த பக்கமெல்லாம் கரண்டி துழாவியது. சேறுதான் அகப்பட்டது. அந்தி சாய்ந்ததும் கயிறு குவளையோடு மேலே ஏறியது.

"பித்தளை வாளி எங்கப்பா?" என்று கிணற்றுக்காரர் கேட்டார்.

கரண்டியின் கொக்கிகளிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. கீழே இன்னும் தேய்க்கிற சத்தம் கேட்டது.