நேற்றுக் கிடைத்த முள்

கருவாட்டுக் கிடங்கு ஒன்றில் எலி பிடிக்கும் வேலை பார்த்து வந்தது செம்பி என்ற பூனை. கூலி, நாளுக்கு ஒரு கிண்ணம் பால். அது சினையாக இருப்பதைக் கண்டதும் கிடங்கு மேஸ்திரியான நாய், "இந்த வயித்தோட நீ எலி பிடிச்ச மாதிரிதான், கிளம்பு" என்று விரட்டிவிட்டது.

பிறந்த குட்டியோடு போய், ஊர் வழக்குகளைத் தீர்க்கும் எருமையிடம் செம்பி முறையிட்டது. விஷயம் தெரிந்த நாய் மூன்று நாள் கிடங்கு முழுக்க மோப்பம் பிடித்து, மூட்டைக்குப் பின்னால் சப்பிப் போட்டிருந்த கருவாட்டு முள் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது.

"பாருங்கய்யா, திருடி! அதனாலதான் விரட்டினேன்."

செம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா, பசியில ஒரு துண்டு தின்னேன். முள்ளு எப்ப கிடைச்சுது?"

"நேத்து."

"என்னை விரட்டினது?"

"போன மாசம்."

"அப்ப போன மாசம் எதுக்கு விரட்டுனீங்க?"

"முள்ளைப் பாருங்கய்யா!" என்றது நாய் மறுபடியும்.

எருமை சொன்னது: "தின்னது தப்பு, வேலை திரும்பக் கிடையாது. வயித்தைக் காட்டி விரட்டினதும் தப்பு. அன்னையிலிருந்து, முள்ளு கிடைச்ச நேத்து வரைக்கும் உள்ள பாலை நாய் கொடுக்கணும்."

"சே! விரட்டின அன்னைக்கே தேடியிருக்கணும்" என்று நாய் தலையில் அடித்துக்கொண்டது.

செம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தது. பிறகு அந்த வாயால் குட்டியைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டது.