முதல் சல்யூட்

குளிருக்கு வலது தோள் விண்விண்ணென்று வலித்தது. தவநாயகி அதைக் காட்டிக்கொள்ளாமல், முதியோர் பராமரிப்பு வேலையில் கூட இருக்கும் கஸ்பரோடு சேர்ந்து கிழவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் இருத்தினாள்.

ஆங்கிலேய நகரான சட்டனில் மகள் வீட்டில் இருக்கும் அவர், முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் ஜெனரல். முப்பத்துநாலு வருஷ சேவை. ஒரே நாளில் நாடு இல்லாமல் போனது. படையும் பதவியும் கூடவே போயின.

"சல்யூட்," என்றார் வழமைபோல.

"ஏலாது, சேர்," என்றாள் வழமைபோல.

கஸ்பர் தமிழில் முணுமுணுத்தார். "ஒருக்காக் கையைத் தூக்கினா தேய்ஞ்சே போவாய், தங்கச்சி? மனிசன் ஒஃபீசுக்கு அறிவிச்சா உன்ர வேலை போயிடும்."

"போகட்டும், அண்ணை."

ஜெனரலின் முகம் சிவந்தது. "என் நாடு செத்துப்போனதால்தானே உனக்கு இந்த இளக்காரம்?"

தவநாயகி ஈரத் துவாயைக் கீழே வைத்தாள்.

"கை தோளுக்கு மேல எழும்பாது, சேர். உள்ளுக்க ஷெல் துண்டு கிடக்கு. சொன்னா வேலை தரமாட்டினம் எண்டு மறைச்சனான்." அவள் நிமிர்ந்தாள். "எழும்பினாலும் முதல்ல நான் வைக்கமாட்டன். எனக்குக் கீழயும் எண்பது பெட்டையள் நிண்டவை. என்ர படையும் இப்ப இல்லை."



படையில் கீழே உள்ளவர்தான் முதலில் சல்யூட் வைக்கவேண்டும். அது ஜெனரலுக்குத் தெரியாததா? இருந்தும் நாற்காலியைப் பிடித்து, நடுநடுங்கி எழுந்தார். நிமிர்ந்து நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"ஒஃபீசுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை, கொமாண்டர்," என்றார்.

அவருக்குத் தவநாயகி தரவேண்டிய பதில் சல்யூட் இன்னும் பாக்கி.