சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்

சுபேதார் தங்கராசு ஓய்வு பெற்றுச் செம்மண்டலத்தில் கட்டிய வீடு, ஜபல்பூர் மிலிட்டரி குவார்ட்டர்ஸின் அச்சு அசல். "கண்ண மூடிட்டே நடமாடலாம், ஜெயா" என்பார் மனைவியிடம். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பல்ஜீத் ஆன்ட்டியின் சமையலறை. பூரிக்கட்டையால் இரண்டு தட்டு தட்டினால் டீ ரெடி. மூன்று தட்டினால் டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. இங்கே அந்தப் பக்கம் கருவேல முள் மண்டிய காலி மனை.

2010இல் தங்கராசு போய்ச் சேர்ந்தார். மகள் வினோதினி அம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போக வந்தாள்.

"நான் வந்துட்டா அவுங்களுக்கு யாருடி பதில் குடுப்பா?" என்றாள் ஜெயராணி.

"யாருக்கும்மா?"

சுவரில் இரண்டு தட்டு கேட்டது.

வினோதினி அம்மாவின் கையைப் பற்றினாள். "உன்ன இங்க தனியா விட்டுட்டு நான் எப்படிம்மா தூங்குவேன்?"

ஜெயராணி கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு பூரிக்கட்டையை எடுத்துச் சுவரில் மூன்று முறை தட்டினாள்.

மறுநாள் காலை வினோதினி தன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வழிக்கு ஒண்ணும் கட்டலியாம்மா?"

"டிரான்ஸ்ஃபர்னா பாத்திரமெல்லாம் பெட்டிக்குள்ள போயிடுமேடி. பக்கத்து வீட்லேர்ந்துதான நம்ம மூணு பேருக்கும் சாப்பாடு வரும், மறந்துட்டியா? போய் வாங்கியா."

வினோதினி முள்ளை விலக்கிக்கொண்டு காலி மனைக்குள் போனாள். ஆள் நடந்த தடமே இல்லை. சுவரோரம் ஒரு துணி மூட்டை இருந்தது. முடிச்சை அவிழ்த்தாள். உருளைக்கிழங்கு பராத்தா, கை பொறுக்காத சூடு.

மூன்று பேருக்குக் கட்டியிருந்தது.